உதைபந்தாட்டமும் உழைப்பின் கூலியும்

விளையாட்டைப் பற்றி நம்மிடையே இருவகைக் கருத்துகள் உலவி வருகின்றன. பணம் புகுந்ததும் விளையாட்டின் தூய்மை கெட்டது என்பது ஒன்று. பணத்தைக் கொட்டினால் ஆட்டத்தரம் தானே உயரும் என்பது மற்றொன்று. முன்னதைப் பரிசளிப்பு மேடைகளிலே கேட்கின்றோம். பின்னதைத் தொலைக்காட்சி நாள்தோறும் ஓதுகின்றது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இவ்விரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. ஆட்டக்காரனை உழைத்துப் பிழைக்கும் மனிதனாக இவை காண்பதில்லை. அவன் செய்யும் தொழில் யாது, அவனுடைய நாள் எவருக்கு உரியது, அவன் ஆடப்போகும் நாளில் வீட்டில் உலை வைப்பது எங்ஙனம்? இக்கேள்விகளை எழுப்பாமல் கூலிக்கும் ஆட்டத்தரத்துக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்ள இயலாது.

மாத்தளை மாவட்டத்திலிருந்து இக்கேள்விகளை எழுப்புவது பொருத்தமானதே. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து வந்தடைந்த மலைநகர் மாத்தளை. வழியிலேயே பசிக்கும் கொள்ளை நோய்க்கும் இரையானோர் பலர். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னர் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் இம்மண்ணில் வேரூன்றின. 1880-இல் புகையிரதம் வந்தது. இறத்தோட்டை, உக்குவளை, எல்கடுவை, கந்தேநுவரை ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒரு மனிதனுடைய நாளை அளக்கும் அலகுக்குப் 'பேர்' என்று பெயர். பெரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போய் நிறைவாக முடித்தவனுக்கு ஒரு பேர். எடை குறைந்தால் அரைப்பேர். வராதவனுக்குப் பேரே இல்லை. 1927-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1970-களில் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் நாளைப் பேராக எண்ணும் வழக்கம் நிலைத்து நின்றது.

'பேர்' என்ற இச்சொல்லை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக. உதைபந்தாட்டத்தில் ஊதியத்தின் வரலாறு, இழந்த பேருக்கு ஈடு தேடியதிலிருந்தே தொடங்குகின்றது.

அதனை முதலில் தேடியோர் இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், சனிக்கிழமைகளில் பெண்களையும் இளைஞரையும் பிற்பகல் 2 மணிக்கு மேல் ஆலையில் வேலை வாங்கலாகாது என விதித்தது. தொழிலாளர் நீண்ட காலம் போராடிப் பெற்ற அந்த அரைநாள் ஓய்விலேதான் வடஇங்கிலாந்தின் உதைபந்தாட்டம் பிறந்தது எனலாம். 1883-இல் பிளக்பர்ன் ஒலிம்பிக் என்ற கழகம் இங்கிலாந்துக் கிண்ணத்தின் இறுதி ஆட்டத்திலே, ஈட்டன் பிரபுத்துவக் கல்லூரியின் பழைய மாணவர் அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. நெசவாளரும் இரும்பு வார்ப்புத் தொழிலாளியும் குழாய் பொருத்துபவரும் ஆடிய அணி அது. அவ்வூர் வார்ப்பாலை முதலாளி ஒருவர் கொடுத்த பணத்தில், இறுதி ஆட்டத்துக்கு முன்னர் அவர்கள் கடற்கரை நகரான பிளக்பூலுக்குப் பயிற்சிக்குச் சென்றிருந்தனர். அந்தப் பணம் எதை வாங்கியது? அவர்களுடைய கால்களில் இருந்த திறமை முன்னரே இருந்தது. தறியை விட்டு விலகிப் பயிற்சி செய்யச் சில நாட்களை அது வாங்கிக் கொடுத்தது. ஈட்டன் கனவான்களுக்கோ அந்த நாட்கள் பிறப்பிலேயே கிடைத்திருந்தன.

மேட்டுக்குடியினர் வாளாவிருக்கவில்லை. பணம் பெறாமல் ஆடுபவனே உண்மையான விளையாட்டு வீரன் என்னும் அமெச்சூர் கொள்கையை அவர்கள் உயர்த்திப் பிடித்தனர். 1884-இல் பிரெஸ்டன் நோர்த் எண்ட் கழகம், ஆட்டக்காரருக்குப் பணம் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கிண்ணப் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. அதன் தலைவர் வில்லியம் சட்டெல் குற்றத்தை மறைக்கவில்லை. வடபகுதிக் கழகங்கள் பிரிந்துபோகும் நிலை ஏற்படவே, 1885-இல் இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. 1888-இல் 12 கழகங்களுடன் உலகின் முதல் லீக் தோன்றியது. அவற்றுள் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை. ஆறு மத்திய இங்கிலாந்தைச் சேர்ந்தவை. செல்வம் கொழித்த இலண்டனிலிருந்து ஒன்றேனும் இல்லை. முதற் பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வாகை சூடியது, முன்னர் தண்டிக்கப்பட்ட அதே பிரெஸ்டன் அணியே. றக்பியிலோ சமரசம் ஏற்படவில்லை. இழந்த வேலைநேரத்துக்கு ஈடு கொடுக்கலாமா என்ற வழக்கிலேயே 1895-இல் அந்த ஆட்டம் இரண்டாகப் பிளந்தது. நமது மலைநாட்டில் தோட்டத்துரைமார் அமைத்த கழகங்கள் அமெச்சூர் கொள்கையையே கப்பலேற்றிக் கொண்டுவந்தன. பேர் இழக்கும் கவலையற்றவர்களுக்கு அக்கொள்கை எளிதாகவே இருந்தது.

பெண்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. பிரெஸ்டன் நகரின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் ஓர் அணி அமைத்தனர். 1920 டிசெம்பரில் லிவர்பூலில் அவர்களது ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 மக்கள் திரண்டனர். இழந்த வேலைக்கு ஈடாக அவர்களுக்குப் பத்து ஷில்லிங் வழங்கப்பட்டது. 1921-இல் உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடிவிட்டது. அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, வசூலில் மிகுதியான பங்கு ஆட்டக்காரிகளின் செலவுக்குப் போகின்றது என்பது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்களாக உள்ள ஒரு மாவட்டத்தில் வாழும் நாம் இதனை மறக்கலாகாது.

சட்டபூர்வமாகியதும் கூலிப் பிரச்சினை முடிந்துவிட்டதா? இல்லை. 1901-இல், வாரத்துக்கு 4 பவுணுக்கு மேல் எவருக்கும் கொடுக்கலாகாது என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1893 முதல், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனையும் பழைய கழகம் விடுவிக்காமல் பிடித்து வைக்கலாம் என்ற விதி இருந்தது. நமது தோட்டங்களில் கங்காணியின் கடனைக் குறிக்கும் 'துண்டு' இல்லாமல் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்த முறையை இது நினைவூட்டுகின்றதல்லவா? துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆட்டக்காரனின் துண்டோ 1963 வரை நீடித்தது. ஜோர்ஜ் ஈஸ்ட்ஹம் தொடுத்த வழக்கில், அவ்விதி தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றித் தடுக்கின்றது என அவ்வாண்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்தோர் விலையின்றி வெளியேறும் உரிமையை ஐரோப்பாவில் 1995-ஆம் ஆண்டின் பொஸ்மன் தீர்ப்பு நிலைநாட்டிற்று.

உச்சவரம்பு 1961-இல் வீழ்ந்தது. ஜிம்மி ஹில்லின் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபோது கழக முதலாளிகள் பணிந்தனர். அதுவரை 20 பவுணாக இருந்த வரம்பு நீங்கியதும், புல்ஹம் கழகத்தின் ஜொனி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுண் பெறலானார். இது தொழிலாளர் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். 1960-இல் லீக் வாகையரான பேர்ன்லி, ஒரு சிறு பஞ்சாலை நகரம். எல்லாக் கழகங்களும் ஏறக்குறைய ஒரே கூலி கொடுத்த காலத்தில், நல்ல பயிற்சியால் அது முன்னேற முடிந்தது. வரம்பு நீங்கியபின் பெருநகரக் கழகங்கள் சிறந்த ஆட்டக்காரரை ஈர்த்தன. 1987-இல் அதே பேர்ன்லி நான்காம் பிரிவின் அடிமட்டத்தில், லீக்கிலிருந்தே வெளியேறும் ஆபத்தை மயிரிழையில் தவிர்த்தது.

இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்து நோக்குவது அவசியம். ஒரு லீக்கினுள் எந்தக் கழகம் வெல்லும் என்பது ஒன்று. அந்த லீக்கின் ஆட்டத்தரம் முழுவதும் உயருமா என்பது வேறொன்று.

முதல் வினாவுக்கு விடை ஏறத்தாழத் தெளிவாகவே கிடைத்திருக்கின்றது. பொருளியலாளர் ஸ்டெபன் சிமான்ஸ்கி 1978 முதல் 1997 வரை 40 ஆங்கிலக் கழகங்களின் கணக்குகளை ஆராய்ந்தார். கழகங்களின் சராசரித் தரவரிசையில் காணப்பட்ட வேறுபாட்டில் 92 சதவீதத்தை அவற்றின் ஊதியச் செலவே விளக்கிற்று. வெற்றி வருவாயைத் தருவதும், வருவாய் ஊதியத்தை உயர்த்துவதும் உண்டாகையால் காரணமும் காரியமும் இங்கே பின்னிக் கிடக்கின்றன என்பதையும் கருத வேண்டும். மேலும் இது நீண்ட காலக் கணக்கு. தனி ஆட்டத்திலோ ஒரு பருவத்திலோ ஏழை வெல்லலாம். 2016-இல் லெஸ்டர் கழகம் வாகை சூடியது அனைவரும் அறிந்ததே. நமக்கு அருகிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022-ஆம் ஆண்டின் ஆசியக் கிண்ணக் கழகப் போட்டியில் இலங்கையின் புளூ ஸ்டார் அணி நேபாளத்தின் மச்சிந்திராவை வென்று, அடுத்த சுற்றில் கொல்கத்தாவின் மோகன் பகானிடம் 5-0 எனத் தோற்றது. அதே மோகன் பகான், தன்னைவிடச் சிறிய கழகமான கோகுலம் கேரளாவிடம் 4-2 எனத் தோற்றது. எனினும் எல்லா ஆட்டங்களும் முடிந்தபோது அப்பிரிவில் முதலிடத்தில் நின்றது மோகன் பகானே. ஒரு மாலையில் கால்கள் பேசலாம். பல மாலைகளின் கூட்டுத்தொகையில் பணப்பெட்டியே பேசுகின்றது.

இரண்டாம் வினாவே நமக்கு முக்கியமானது. எல்லாக் கழகங்களும் ஒரேயடியாகக் கூலியை இரட்டித்தால் தரவரிசை மாறாது, ஆட்டத்தரம் மாறுமா? அந்த உயர்வு எதைச் சாதிக்கின்றது என்பதைப் பொறுத்தது அது. பகலெல்லாம் மூட்டை சுமந்து மாலையில் பந்து தொடுபவனை அச்சுமையிலிருந்து விடுவிக்குமாயின், அந்தச் சிறு தொகை ஆட்டத்தை வேறொரு தளத்துக்கு ஏற்றிவிடும். ஏற்கெனவே முழுநேரம் ஆடுபவனுக்கு மேலும் ஒரு கோடி கொடுத்தால், அவன் ஒரு கழகத்தின் சட்டையைக் கழற்றி மற்றொன்றின் சட்டையை அணிவான், அவ்வளவே.

வெளியிலிருந்து தரத்தை விலைக்கு வாங்கிய நாடொன்றின் கதையும் உண்டு. 1948-இல் ஆர்ஜென்டினா ஆட்டக்காரர்கள் ஊதியத்துக்காகவும் உரிமைகளுக்காகவும் வேலைநிறுத்தம் செய்தனர். அடுத்த ஆண்டில் அவர்களுள் பலர், பெருந்தொகை தர முன்வந்த கொலம்பியாவுக்குச் சென்றனர். அல்பிரெடோ டி ஸ்டெபனோ ஆடிய மில்லொனாரியோஸ் கழகம் 1952-இல் ரியல் மட்ரிட்டை அதன் ஊரிலேயே 4-2 என வென்றது. ஆனால் உலகச் சம்மேளனத்துடன் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அயல்நாட்டார் திரும்பியதும் அப்பொற்காலம் மறைந்தது. கொலம்பியா முதன்முறையாக உலகக் கிண்ணப் போட்டியில் தோன்ற 1962 வரை காத்திருக்க நேர்ந்தது. உச்சியில் கொட்டிய பொன் அடிவாரத்துச் சிறுவனை எட்டவில்லை.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 1953 நவெம்பரில் இங்கிலாந்தை வெம்ப்ளி மைதானத்தில் 6-3 என வென்ற ஹங்கேரி அணியின் வீரர்கள், ஏட்டளவில் அமெச்சூர்களே. புஸ்காஸ் இராணுவ அதிகாரியாகச் சம்பளம் பெற்றார். ஊதியத்துக்கு வேறு பெயர் இடப்பட்டிருந்தது. ஆனால் நேரம் உறுதியாகக் கிடைத்தது. இந்தியாவிலும் அவ்வாறே. ஆசிரியத் தொழிலிலிருந்து வந்த சையத் அப்துல் ரஹீம் பயிற்றிய ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. அதே ரஹீமின் பயிற்சியில் இந்தியா 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தையும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கத்தையும் பெற்றது. அவ்வீரர்களுட் பலருக்கு மாதம் தவறாத உத்தியோகச் சம்பளம் இருந்தது. நட்சத்திரங்களுக்குரிய கோடிகள் இல்லை. 2014-இல் தொடங்கிய இந்தியன் சுப்பர் லீக்கில் கோடிகள் வந்தன. தேசிய அணியோ அந்தப் பழைய உயரத்தை எட்டவில்லை. 2025-இல் வணிக ஒப்பந்தச் சிக்கலால் லீக் வழமையான காலத்தில் தொடங்காதபோது, சில கழகங்கள் ஆட்டக்காரரின் ஊதியத்தையே நிறுத்தி வைத்தன. பெரிய ஊதியத்தைவிட நிச்சயமான ஊதியமே ஆட்டத்தை வளர்க்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1939-இல் அமைந்த நமது உதைபந்தாட்டச் சம்மேளனம் திறமையற்ற மண்ணில் தோன்றியதன்று. 1995-இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் இலங்கை இந்தியாவை 1-0 என வென்றது. ஆயினும் நமது சிறந்த ஆட்டக்காரர் கூலி தேடிக் கடல் கடந்தனர். 1980-களில் பக்கீர் அலி டாக்காவின் அபஹானி கழகத்தில் புகழ்பெற்றார். வேறு பலர் மாலைதீவுக்குச் சென்றனர். ஐந்து இலட்சம் அளவு மக்களே வாழும் அத்தீவு 2008-இலும் 2018-இலும் தெற்காசிய வாகை சூடியது. 2018-இல் நிகழ்ந்தது சுவையானது. பக்கீர் அலி பயிற்றுவித்த இலங்கையும் மாலைதீவும் புள்ளியிலும் கோலிலும் சமமாக நிற்க, நாணயத்தைச் சுண்டியே மாலைதீவை அரையிறுதிக்கு அனுப்பினர். அங்கிருந்து அது கிண்ணத்தையே வென்றது. நாணயம் எவர் பக்கமும் விழலாம். அதன்பின் வந்த இரண்டு பெரிய ஆட்டங்களையும் வென்ற அணி, தன் நாட்டில் ஆட்டக்காரருக்கு ஊதியம் கொடுத்து வளர்த்த அணி என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் ஓரளவேனும் தொழில்முறையான சுப்பர் லீக் 2021-இல் தான் தொடங்கியது. பங்குபற்றிய 10 அணிகளுள் மூன்று, இராணுவம், கடற்படை, விமானப்படை ஆகியவற்றின் அணிகள். மலைநாட்டிலிருந்து நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் இடம்பெற்றது. மாத்தளைக்கு இடமில்லை. 2023 ஜனவரியில் உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி ஓகஸ்டில் மீட்டது. அவ்வாண்டுகளில் நமது தேசிய அணி உலகத் தரவரிசையில் 200-க்கும் கீழே கிடந்தது.

முப்படை அணிகளின் வலிமைக்கு மாயம் எதுவுமில்லை. அவ்வணிகளின் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் உண்டு. பயிற்சி அவனது கடமையின் பகுதி. நமது நாட்டில் உதைபந்தாட்ட ஊதியம் என்பது நெடுங்காலமாக அரச உத்தியோகமே. அப்படியாயின் அந்த உத்தியோகம் எவருக்குக் கிட்டியது என்று கேட்பது வரலாற்றாசிரியனின் கடமை. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. அவர்களுட் பெருந்தொகையினரை 1964-ஆம் ஆண்டின் ஒப்பந்தம் கடலுக்கு அப்பால் அனுப்பியது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003-இல் தான் நிறைவேறியது. குடியுரிமை இல்லாதவனுக்கு அரச உத்தியோகம் இல்லை. அரச உத்தியோகம் இல்லாதவனுக்கு ஆட்ட ஊதியமும் இல்லை. இரண்டு, மூன்று தலைமுறைகளாக மலையக இளைஞனுக்கு அடைபட்டிருந்த கதவு இதுவே. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆட்டம் வராது என்று சொல்வோர் இக்கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.

கதவுக்கு வெளியே நின்றவனின் கணக்கையும் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி நாட்சம்பளம் 730 ரூபா. அதில் 500 ரூபாவே அடிப்படை. 60 ரூபா வரவுக்கும் 140 ரூபா உற்பத்திக்கும் கட்டுப்பட்டவை. 2021-இல் 1,000 ரூபாவும் 2024-இல் 1,350 ரூபாவும் நிர்ணயிக்கப்பட்டன. ஓர் ஆட்டத்துக்காக மாத்தளையிலிருந்து சுமார் 140 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குப் போய்த் திரும்புபவன் ஒரு பேரை இழக்கின்றான். பருவத்துக்கு 20 ஆட்டங்கள் எனக் கொண்டால், 1,350 ரூபா வீதம் 27,000 ரூபா. 18 ஆட்டக்காரருக்கு 4 இலட்சத்து 86 ஆயிரம் ரூபா. பின்னர் கூலி உயர்ந்தாலும் கணக்கின் இயல்பு மாறாது. சுமார் 4 இலட்சத்து 84 ஆயிரம் மக்கள் வாழ்வதாக 2012-ஆம் ஆண்டின் தொகைமதிப்பு காட்டிய ஒரு மாவட்டத்துக்கு, தலைக்கு ஒரு ரூபா அளவே இது வரும். இச்சிறு தொகையை ஈடுசெய்ய எவரும் முன்வராமையால், பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடிய சிறுவன் 18 வயதில் தோட்டத்து வேலைக்கோ கொழும்புக் கடைக்கோ போகின்றான். அத்துடன் அவனது ஆட்டம் முடிகின்றது.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. பதிவுபெற்ற சுற்றுப்போட்டியில் ஆடும் தொழிலாளிக்கு அந்த நாளின் பேர் குறையாமல் விழ வேண்டும். இதனைத் தோட்ட நிருவாகமும் மாவட்டச் சங்கமும் பகிர்ந்து ஏற்கலாம். பெண்களின் அணிகளுக்கும் இவ்விதி பொருந்த வேண்டும். சரிவான மலைகளில் சமதரை அரிதாகையால், எஞ்சியுள்ள மைதானங்களைப் பாடசாலைகளுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் உரிமையாக்க வேண்டும். தேசிய லீக்கில் ஒரு கழகத்துக்கு இடமளிக்குமுன், மாதச் சம்பளத்தைத் தவறாமல் கொடுக்க அதனிடம் பணம் உண்டா என்பதைச் சம்மேளனம் உறுதிசெய்ய வேண்டும். 1961-இன் ஆங்கில ஆட்டக்காரர் போல் நமது ஆட்டக்காரரும் சங்கமாகத் திரள வேண்டும்.

ஆசிரிய நண்பர்களுக்கு உடனே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கடந்த 10 ஆண்டுகளில் தங்கள் பாடசாலை அணியில் ஆடியவர்களின் பட்டியலை எடுத்து, அவர்கள் இன்று எத்தொழிலில் இருக்கின்றனர், எந்த ஆண்டில் ஆடுவதை நிறுத்தினர், ஏன் நிறுத்தினர் என்று கேட்டு எழுதி வைப்பார்களாக. மாணவர்கள் அவ்வேலையில் துணை நிற்கட்டும். மாத்தளை உதைபந்தாட்டத்தின் வரலாறு அந்தப் பட்டியலிலிருந்தே எழுதப்பட வேண்டும்.